ஏக்கம்: மூச்சில் தங்கிய ஒரு சொல்

[திரையில்: உறங்கும் குழந்தை]

வெகுநேரம் அழுது ஓய்ந்து உறங்கிவிட்ட குழந்தையின் அருகில் நீங்கள் அமர்ந்திருந்தால் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். கண்ணீர் காய்ந்திருக்கும், ஆனாலும் சற்றுக்கொரு முறை மூச்சு இரண்டு மூன்று துண்டாக உள்ளே இழுபட்டு, சின்ன மார்பு விம்மித் தணியும். 'ஏங்கி ஏங்கி அழுதது' என்று வீட்டில் சொல்வது இந்த மூச்சைத்தான். ஏக்கம் என்னும் சொல்லை விளங்கிக்கொள்ள அகராதியைவிட இந்தக் காட்சி நல்ல தொடக்கம் என்பது என் எண்ணம்.

[திரையில்: தூங்கு – தூக்கம், மயங்கு – மயக்கம், ஏங்கு – ஏக்கம்]

வினை பெயராகும்போது மெல்லெழுத்து வல்லெழுத்தாகிறது, இலக்கணம் அவ்வளவே. பொருள்தான் விரிவானது. மனம் வாடுதல் என்பதோடு அழுதல், ஒலித்தல், இளைத்தல் என்பனவும் ஏங்குதலுக்குரிய பொருள்களாக இருப்பதால், இச்சொல் குறிக்கும் விருப்பம் உள்ளத்தோடு நில்லாமல் தொண்டையிலும் உடம்பிலும் தெரிகிற ஒன்றாகிறது. தாய் ஊருக்குப் போனபின் பிள்ளைக்கு உடம்பு சுட்டால், 'ஏக்கத்துல காய்ச்சல் வந்துடுச்சு' என்று பாட்டி சொல்வதும் இந்தப் பொருளிலேயே. 'ஆசையில் காய்ச்சல் வந்தது' என்று எவரும் சொல்வதில்லை.

ஆவலோடு ஒப்பிட்டால் வேறுபாடு இன்னும் தெளிவாகும். நாளை வரப்போகும் விருந்தினரை ஆவலோடு எதிர்பார்க்கிறோம், ஏனெனில் அவர் வருவது உறுதி. எப்போது கிட்டும், கிட்டுமா என்பதே தெரியாத பாசத்துக்கு ஏங்குகிறோம். ஆகவே, 'தங்களைச் சந்திக்க ஏங்குகிறேன்' என்று அலுவலகக் கடிதத்தில் எழுதுவது எனக்குச் சற்று வேடிக்கையாகவே படுகிறது. அந்த இடத்துக்கு 'ஆவலாக உள்ளேன்' போதும்.

[திரையில்: குறள் 395]

'உடையார்முன் இல்லார்போல் ஏக்கற்றும் கற்றார்
கடையரே கல்லா தவர்.'

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. 'ஏக்கற்றும்' என்பதை 'ஏக்கம் அற்றும்' என்று பிரித்துவிட்டால் பொருள் தலைகீழாகிவிடும். இது ஏக்கறுதல் என்னும் பழைய வினை. 'ஆசையால் தாழ்தல்' என்று பரிமேலழகர் இதற்கு உரை கூறுகிறார். பொருள் உள்ளவர்முன் இல்லாதவர் நிற்பதுபோல, கல்வியின்மேல் கொண்ட விருப்பத்தால் ஆசிரியர்முன் பணிந்து நின்று கற்றவரே உயர்ந்தவர் என்றும், அப்படி நிற்க நாணிக் கல்லாதவர் கடைப்பட்டவர் என்றும் குறள் சொல்கிறது. விரும்பும் பொருள் மேலே எங்கோ இருக்க, விரும்புகிறவர் கீழே குனிந்து நிற்கும் அந்தத் தோற்றம், கடைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பொம்மையைப் பார்க்கும் சிறுவனின் 'ஏக்கப் பார்வை'யில் இன்றும் நமக்குக் காணக் கிடைக்கிறது.

எழுத்தில் 'ஏங்குகிறேன்' என்று தாராளமாக வருகிறது. பேச்சிலோ தன்னைப் பற்றி அப்படிச் சொல்லிக்கொள்பவர் குறைவு, பெரும்பாலும் பிறர் பார்த்துச் சொல்வதாகவே வரும். விடுதியில் தங்கிப் படிக்கும் பையன் கைப்பேசியில் நாள்தோறும் 'சாப்பிட்டேன், நல்லா இருக்கேன்' என்றே சொல்லியிருப்பான். விடுமுறைக்கு வந்து வாசலில் பையை இறக்கி வைக்கும்போது, அவன் கன்னத்தைத் தடவிப் பார்க்கும் பாட்டிதான் சொல்வாள்: 'ஏங்கிப் போயிட்டியேடா.'