கிளார்க்ஸ்வில் தன் மகளுக்குச் சிலை வைத்தது சரியே!

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். "சாதனையாளருக்குச் சொந்த ஊர் செய்ய வேண்டியது சிலையா, உதவித்தொகையா?" என்ற தலைப்பில், சிலையே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணித் தோழர் வில்மா ருடால்ஃபைச் சொன்னார். 1960 ரோம் ஒலிம்பிக்கில் 100 மீட்டர், 200 மீட்டர், தொடர் ஓட்டம் என மூன்று தங்கம் வென்றவர். "டென்னசி மாநிலத்துக் கிளார்க்ஸ்வில் நகரம் அவருக்கு வெண்கலச் சிலை வைத்ததே, அந்தப் பணத்தில் நாலு ஏழைப் பிள்ளைகளை ஓட வைத்திருக்கலாமே" என்று கேட்டுக் கைத்தட்டலும் வாங்கினார். ஐயா, அந்த வேலையை வில்மாவே செய்துவிட்டார்! 1981-ல் தன் பெயரில் அறக்கட்டளை தொடங்கி, பிள்ளைகளுக்கு இலவசமாகப் பயிற்சி கொடுத்தார். ஊர் பட்ட கடன் வேறு.

என்ன கடன்? போலியோவில் இடது கால் சூம்பிய குழந்தை அவர். கறுப்பினக் குழந்தை என்பதால் உள்ளூரில் தகுந்த வைத்தியம் இல்லை. ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தள்ளி, நாஷ்வில்லில் இருந்த மெஹாரி மருத்துவமனைக்கு அம்மா வாராவாரம் பஸ்ஸில் கூட்டிப் போனார். அந்தப் பஸ்ஸிலும் பின்சீட்தான். வீட்டிலோ அம்மாவும் அக்கா அண்ணன்மாரும் முறைபோட்டு, நாளைக்கு நாலு வேளை அந்தக் காலை நீவிவிட்டார்கள். அந்தக் கால்தான் ரோமில் ஓடியது!

தங்கத்தோடு திரும்பியவருக்கு ஊர் வரவேற்பு ஏற்பாடு செய்தது. வெள்ளையர் தனி, கறுப்பர் தனி என்றால் வரமாட்டேன் என்றார் அந்த இருபது வயதுப் பெண். ஊர் இறங்கி வந்தது. ஊர்வலத்திலும் விருந்திலும் இரு இனத்தாரும் ஒன்றாகக் கலந்துகொண்டார்கள். கிளார்க்ஸ்வில் வரலாற்றில் அதுதான் முதல்முறை.

ஒதுக்கியது ஊரறிய நடந்தது. அதற்கான மரியாதை ஓர் அலுவலகக் கோப்புக்குள் நடந்தால் போதுமா? நாலு பேர் நடமாடும் இடத்தில் நிற்க வேண்டாமா? 1996-ல் கம்பர்லாண்ட் ஆற்றங்கரையில் ஆளுயரச் சிலையாக நிறுத்தினார்கள். 1994-லேயே அவர் மறைந்துவிட்டார். உயிரோடு இருந்தபோதே வைத்திருக்க வேண்டும் என்பதில் எனக்கு ஆதங்கம் உண்டு. அது சிலை தாமதமானதற்கான வருத்தம். சிலை வேண்டாம் என்பதற்கான வாதமல்ல.

"பிறகு அந்த இடத்திலிருந்தும் பெயர்த்துவிட்டார்களே" என்றும் தோழர் கேட்டார். பெயர்த்து எங்கே வைத்தார்கள் என்பதையும் சொல்லியிருக்கலாம். லிபர்ட்டி பூங்காவில், வில்மாவின் பெயரிலேயே நகரம் கட்டிய நிகழ்ச்சி மண்டபத்தில்! இன்று அங்கே விருந்துக்கு வருகிறவர்களை, நீ எந்த இனம் என்று யாரும் பிரித்து உட்கார வைப்பதில்லை. நடுவர் அவர்களே, சிலையே என்று தீர்ப்பளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.