வலிக்காத நெறி

காலில் முள் குத்தி இரண்டு நாள் கவனிக்காமல் விட்டால் தொடையிடுக்கில் நெறி கட்டும். நம் பாட்டிமார்கள் நெறியைத் தடவிப் பார்த்த கையோடு பாதத்தைத் திருப்பி முள்ளைத் தேடுவார்கள். கட்டியைக் கண்டதும் காரணத்தைத் தேடுகிற அந்தப் புத்தியைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

நெறி என்பது நிணநீர்க் கணு. கிருமியோடு சண்டை நடந்தால் வீங்கும், வலிக்கும். சண்டை ஓய்ந்தால் வடிந்துவிடும். முள்ளும் இல்லை, சொத்தைப் பல்லும் இல்லை, தொண்டையிலும் புண் இல்லை, ஆனால் கழுத்திலோ அக்குளிலோ ஒரு கட்டி நான்கு வாரமாகியும் வடியவில்லை. தொட்டால் ரப்பர் போல இருக்கிறது என்றால், நிணநீர்ப் புற்றுநோயையும் நினைத்தாக வேண்டும். "வலிக்கவே இல்லையே டாக்டர்" என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள். எனக்கு அங்கேதான் வயிற்றைக் கலக்கும். கழுத்தடியிலுள்ள காறை எலும்புக்கு மேலுள்ள குழியில் கட்டி வந்தால் நான்கு வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம்.

இதோடு காரணம் தெரியாத காய்ச்சல், படுக்கை நனையும் அளவுக்கு இரவு வியர்வை, ஆறு மாதத்தில் 60 கிலோ ஆள் 54 கிலோவுக்கு இறங்குவது. இப்படிச் சொன்னதும் உங்களுக்கு என்ன நோய் நினைவுக்கு வருகிறது? காசநோய்தானே? சிக்கலே அதுதான்.

இந்தக் குழப்பம் நம் ஊருக்கு மட்டும் உரியதல்ல. லண்டன் கைஸ் மருத்துவமனையில் தாமஸ் ஹாட்ஜ்கின், இறந்தவர்களின் உடலில் வீங்கிய கணுக்களையும் மண்ணீரலையும் வெறுங்கண்ணால் பார்த்தே இது தனி நோய் என்று 1832இல் எழுதினார்; நிணநீர்ப் புற்றில் ஒரு வகைக்கு இன்று அவர் பெயர்தான். பிறகு 1898இல் வியன்னாவில் கார்ல் ஸ்டெர்ன்பெர்க் அதன் ராட்சத அணுக்களை, அதாவது செல்களை, நுண்ணோக்கியில் தெளிவாக விவரித்தும், இது காசநோயின் ஒரு வடிவம் என்றே கருதினார். அப்படியல்ல என்று 1902இல் எடுத்துக்காட்டியவர் அமெரிக்காவின் டோரதி ரீட். ஆந்தைக் கண்ணைப் போல இரட்டை உட்கருவோடு நம்மை முறைக்கும் அந்த அணுவுக்கு இருவர் பெயரும் சேர்ந்தே நிலைத்துவிட்டது. முப்பது வருடமாக நுண்ணோக்கியில் திசுக்களைப் பார்க்கிறேன், இன்றும் அது கண்ணில் பட்டால் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவேன்.

ஒரு இளைஞர் வந்தார். கட்டியில் ஊசி குத்திக்கூடப் பார்க்காமல் ஐந்து மாதம் காசநோய் மாத்திரை. நடுவில் பசியெடுக்க ஸ்டீராய்டு. கட்டி சுருங்கியது, வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. ஸ்டீராய்டு நிணநீர்ப் புற்றையும் கொஞ்ச நாள் சுருக்கும். அந்த நேரத்தில் திசு எடுத்தால் எங்கள் கண்ணையே ஏமாற்றிவிடும்.

ஊசியில் நாலு அணுக்களை உறிஞ்சிப் பார்ப்பது நல்ல தொடக்கம்தான். ஆனால் கோலத்தில் நாலு புள்ளியை மட்டும் காட்டி என்ன கோலம் என்று கேட்டால் எப்படிச் சொல்வது? கணுவின் அமைப்பு முழுதாகத் தெரிய வேண்டும். அதனால் முடிந்தவரை ஒரு கணுவை முழுதாக எடுப்பதே மேல். அது முடியாத இடத்தில் தடித்த ஊசியால் திசுத் துண்டு எடுக்கலாம். பெரும்பகுதி, திசு கெடாமல் காக்கும் ஃபார்மலினில் போகட்டும். ஒரு சிறு துண்டு மட்டும் உப்புநீரில், காசநோய்க் கிருமியை வளர்த்துப் பார்க்க. ஃபார்மலினில் போட்டால் கிருமி செத்துவிடும். பிறகு அணுக்களிலுள்ள புரதங்களைக் காட்டும் சாயங்களை வைத்து எந்த வகை என்று பிரிக்கிறோம். பெட் ஸ்கேன் அதன் பிறகு, எங்கெல்லாம் பரவியிருக்கிறது என்று அறிய. வகை தெரிவது ஏன் முக்கியம்? ஹாட்ஜ்கின் வகையில் பெரும்பாலோர் முழுதாகக் குணமாகிறார்கள். மருந்து வகைக்கு வகை வேறு.

கீழிருந்து ஒரு சீட்டு வந்திருக்கிறது: "கத்தி பட்டால் புற்று பரவிவிடுமாமே?" கேட்டவருக்கு நன்றி, கேட்காமல் வீட்டிலேயே இருந்துவிடுகிறவர்கள்தான் அதிகம். பரவாது, அம்மா. நிணநீரிலும் ரத்தத்திலும் ஓடித் திரிவதே இந்த அணுக்களின் இயல்பு. நாம் கணுவை எடுத்துத்தான் அவற்றுக்கு வழிகாட்ட வேண்டும் என்பதில்லை.