லிஃப்ட் வெளியே நிற்கட்டும், பாலத்துக்கு அனுமதி கொடுங்கள்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

தலைப்பை ஒரு முறை திருப்பிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எதிரணியில் பேசிய இரண்டு பேரும் அதைவிட்டு ரொம்ப தூரம் போய்விட்டார்கள். பாதுகாக்கப்பட்ட ஒரு பழைய கட்டடம், பக்கத்தில் ஒரு புது ஹோட்டல், இரண்டையும் மாடி மட்டத்தில் இணைக்க ஆட்கள் நடந்து போகிற ஒரு பாலம். அதற்கு அனுமதி தரலாமா, கூடாதா? ஹோட்டலே தேவையா என்பது இன்றைய கேள்வி இல்லை, அது வந்தாயிற்று. பாலத்துக்கு அனுமதி தரலாம் என்று பேச வந்திருக்கிறேன்.

"பணக்கார விருந்தாளி மழையில் நனையக்கூடாது என்பதற்காக சரித்திரத்தின் விலாவில் ஓட்டை போடுகிறார்கள்" என்றார் எதிரணி நண்பர். கைதட்டல் வந்தது. நானும்தான் தட்டினேன், வசனம் அப்படி. ஆனால் அவர் அந்தப் பாலத்தை ஹோட்டல் பக்கம் நின்று மட்டுமே பார்த்தார். கொஞ்சம் இந்தப் பக்கம் வாருங்கள், பழைய கட்டடத்தின் மாடியில் நின்று பார்ப்போம்.

பல பழைய கட்டடங்களில் நல்ல மண்டபம் மாடியில்தான் இருக்கும். அதற்குப் போக ஒரே படிக்கட்டு, குறுகலானது, பல இடங்களில் மரத்தால் ஆனது. சக்கர நாற்காலியில் வருகிறவர் கீழேயே நின்று மற்றவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். சாய்தளம் போடலாமே என்பீர்கள். பரவலாக ஏற்றுக்கொண்ட சரிவு ஒன்றுக்குப் பன்னிரண்டு, அதாவது ஒரு மீட்டர் ஏற 12 மீட்டர் நீளம் வேண்டும். மாடி 5 மீட்டர் உயரத்தில் இருந்தால் 60 மீட்டர் சாய்தளம், நடுநடுவே நின்று இளைப்பாறும் தட்டுகள் வேறு. அதைக் கட்டடத்தைச் சுற்றிக் கட்டினால் அப்புறம் கட்டடம் தெரியாது, சாய்தளம்தான் தெரியும்.

சரி, உள்ளே லிஃப்ட் வைக்கலாம். வைத்தால் என்ன ஆகும் என்று யாராவது யோசித்தீர்களா? தளத்தில் சதுரமாக ஓட்டை வெட்ட வேண்டும். அந்த இடத்தில் ஓடுகிற மர உத்தரங்களை அறுத்து, அறுத்த முனைகளுக்கு எஃகுச் சட்டம் கொடுக்க வேண்டும். அடியில் குழி தோண்ட வேண்டும், அதுவும் இருநூறு முந்நூறு வருஷம் அசையாமல் உட்கார்ந்திருக்கிற அஸ்திவாரத்துக்குப் பக்கத்தில். மேலே லிஃப்ட் தலை முட்டாமல் இருக்க மேற்கூரையிலும் கை வைக்க நேரலாம். இவ்வளவும் செய்துவிட்டு, வெளியே நின்று பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை, மரபு காப்பாற்றப்பட்டது என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். உள்ளே குடலை எடுத்தாயிற்று, சட்டை மட்டும் கசங்கவில்லை.

எங்கள் வாதம் இதுதான் நடுவர் அவர்களே: பழைய கட்டடத்துக்குத் தேவையானதை எல்லாம் பழைய கட்டடத்துக்குள்ளேயே திணிக்காதீர்கள். லிஃப்ட் எப்படியும் ஹோட்டலில் இருக்கும், கழிவறையும் இருக்கும், குளிர்சாதன இயந்திரத்துக்கும் இடம் இருக்கும். அங்கே ஏறி, சமதளமாக நடந்து, மாடி மண்டபத்துக்குள் வரட்டும். பழைய கட்டடம் கொடுப்பது ஒரே ஒரு ஜன்னல், அவ்வளவுதான்.

அப்புறம் தீ. இரண்டாவது வழி இல்லாத மாடியில் நிறையப் பேரைக் கூட்டுவதற்குத் தீப்பாதுகாப்பு விதிகள் லேசில் இடம் கொடுக்காது, கொடுக்கவும் கூடாது. அதனால்தான் எத்தனையோ அருமையான மண்டபங்கள் பூட்டிக் கிடக்கின்றன, அல்லது பழைய நாற்காலி போட்டு வைக்கிற அறையாக இருக்கின்றன. பாலம் இருந்தால் கூட்டம் படி இறங்கக் காத்திருக்காமல் அதே மட்டத்தில் அடுத்த கட்டடத்துக்கு நடந்து போய்விடலாம். தீ அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வந்துவிட்டால் என்று எதிரணி கேட்கும், கேட்க வேண்டிய கேள்விதான். பாலத்தை எரியாத பொருளால் கட்டி, இரண்டு முனையிலும் தானே மூடிக்கொள்கிற தீத்தடுப்புக் கதவு வைக்க வேண்டும். இதை நிபந்தனையாகவே எழுதுங்கள், நாங்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை.

மாடி வழியாகத் தப்பிப்பது ஒன்றும் இன்றைய யோசனையும் இல்லை. ரோமில் வாத்திக்கனிலிருந்து சாந்தாஞ்சலோ கோட்டைக்கு உயரமான மதில்மேல் ஒரு நடைவழி உண்டு. 1527இல் படைகள் ரோமைச் சூறையாடியபோது போப் ஏழாம் கிளெமென்ட் அந்த வழியாகத்தான் ஓடி உயிர் பிழைத்தார். அந்தக் கோட்டை இரண்டாம் நூற்றாண்டில் பேரரசர் ஹேட்ரியனுக்குக் கட்டிய கல்லறை. அதோடு இணைத்து பிற்காலத்தில் நடைவழி கட்டினார்கள். யாரும் இன்று அதை இடிக்கச் சொல்லவில்லை, வரிசையில் நின்று பார்க்கிறார்கள்.

வெனிஸுக்கு வாருங்கள். டோஜ் என்று அழைக்கப்பட்ட வெனிஸ் ஆட்சித் தலைவரின் அரண்மனை பதினான்காம் நூற்றாண்டில் எழத் தொடங்கிய கட்டடம். பதினாறாம் நூற்றாண்டின் கடைசியில் கால்வாய்க்கு அந்தப் பக்கம் புதுச் சிறை கட்டினார்கள். கைதியைத் தெருவில் இறக்காமல் கொண்டுபோக, 1600ஐ ஒட்டிய ஆண்டுகளில் இரண்டு கட்டடத்தையும் மூடிய பாலத்தால் இணைத்தார்கள். அதுதான் உலகமே போய்ப் படம் எடுக்கிற பெருமூச்சுப் பாலம். பழைய அரண்மனை, புதுக் கட்டடம், நடுவே பாலம். நம் தலைப்புதான், ஹோட்டலுக்குப் பதில் சிறை, அவ்வளவே வித்தியாசம். (சில ஹோட்டல்களில் தங்கியவர்கள் அந்த வித்தியாசமும் இல்லை என்பார்கள், அது வேறு கதை.)

எதிரணி வெனிஸ் சாசனத்தையும் கையில் எடுத்தது. 1964இல் மரபுக் கட்டடங்களின் பாதுகாப்புக்காக எழுதப்பட்டது. அதன் 13ஆவது பிரிவைப் படித்தார்கள்: கட்டடத்தின் சிறப்பான பகுதிகளுக்கும், அதன் மரபார்ந்த சூழலுக்கும் குந்தகம் வராவிட்டால்தான் புதுச் சேர்க்கைகளை அனுமதிக்கலாம் என்கிறது. நல்லது. நண்பரே, பக்கத்தைப் பின்னால் புரட்டி 5ஆவது பிரிவையும் படித்திருக்கலாமே. கட்டடத்தை சமூகத்துக்குப் பயனுள்ள ஒரு காரியத்துக்கு வைத்துக்கொள்வது பாதுகாப்புக்கு எப்போதும் துணை, அதனால் அது விரும்பத்தக்கது, ஆனால் உள்ளமைப்பையும் அலங்காரத்தையும் மாற்றிவிடக்கூடாது என்கிறது அது. பயன்படுத்து, உள்ளே மாற்றாதே. லிஃப்டை வெளியே வைத்துவிட்டுப் பாலத்தில் வாருங்கள் என்று நான் இவ்வளவு நேரம் கத்துவதும் இதைத்தானே?

சுவரைப் பற்றிய பயம் நியாயமான பயம். அதை நான் கிண்டல் செய்யமாட்டேன். ஏதென்ஸில் இருக்கிற பழைய கிரேக்கக் கோயிலான பார்த்தெனானில் இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் நிக்கோலஸ் பலனோஸ் என்கிற பொறியாளர் உடைந்த பளிங்குகளை இரும்புக் கொக்கிகளால் இணைத்தார். நல்ல எண்ணம்தான். இரும்பு துருப்பிடித்து உப்பியது, துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும், பளிங்கு பிளந்தது. பிற்பாடு வந்தவர்கள் அந்தக் கொக்கிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி டைட்டானியம் வைக்க வேண்டியதாயிற்று. ஆகவே பாலத்தின் எடையில் ஒரு கிலோகூட பழைய சுவரின்மேல் இறங்கக்கூடாது. பாலம் தன் சொந்தக் காலில் நிற்கட்டும், அல்லது ஹோட்டல் பக்கத்திலிருந்து நீளட்டும். சுவருக்கும் பாலத்துக்கும் நடுவே ஒரு சந்து இருக்கட்டும், அதை வளைந்து கொடுக்கிற உறையால் மூடலாம், இரண்டு கட்டடமும் வெயிலில் வெவ்வேறு அளவு விரியும், அசையும், ஒன்று மற்றதை இடிக்கக்கூடாது. புது வாசலுக்குச் சுவரை உடைக்க வேண்டாம், இருக்கிற ஜன்னலின் கீழ்த்திட்டை மட்டும் இறக்குங்கள், எடுத்த கல்லுக்கு எண் எழுதிக் கட்டடத்திலேயே வையுங்கள். பூச்சுக்கு சிமெண்ட் வேண்டாம், சுண்ணாம்புச் சாந்து போதும், பழைய சுவர் ஈரத்தை வெளியே விட வேண்டுமே. நாளைக்குப் பாலம் வேண்டாம் என்றால் கழற்றிவிட்டுக் கல்லைத் திரும்ப வைக்கலாம். லிஃப்டுக்கு அறுத்த உத்தரத்தை எங்கே போய் ஒட்டுவீர்கள்?

"சுரங்கமாகப் போங்களேன், கண்ணுக்குத் தெரியாது" என்றார் இரண்டாவது நண்பர். கண்ணுக்குத் தெரியாதுதான். ஜெர்மனியில் கொலோன் நகர ஆவணக் காப்பகத்துக்கு முன்னால் சுரங்க ரயில் வேலை நடந்துகொண்டிருந்தது. 2009 மார்ச் 3 அன்று காப்பகம் அப்படியே சரிந்து பள்ளத்தில் விழுந்தது, பக்கத்துக் கட்டடங்களில் இருந்த இருவர் இறந்தார்கள், நூற்றாண்டுகளின் ஆவணங்கள் சேற்றில் புதைந்தன. அது 1971இல் திறந்த கட்டடம், கான்கிரீட் காலத்துக் கட்டடம். நடைபாதைச் சுரங்கம் சின்னதுதான், ஒத்துக்கொள்கிறேன், ஆனால் ஆழமில்லாத பழைய அஸ்திவாரத்தின் பக்கத்தில் மண்ணையும் நிலத்தடி நீரையும் தொடுவதைவிட காற்றில் போகிற பாலம் எவ்வளவோ மேல்.

ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்தைச் சொன்னார்கள். ஆமாம், 2009இல் யுனெஸ்கோ டிரெஸ்டன் எல்பே பள்ளத்தாக்கை உலக மரபுப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது, காரணம் ஒரு பாலம். என்ன பாலம்? ஆற்றைக் கடக்கிற நான்கு வழிக் கார்ப் பாலம், பள்ளத்தாக்கின் நட்ட நடுவே. அதைக் கொண்டுவந்து இரண்டு மாடிக்கு இடையே ஆள் நடக்கிற பாலத்தோடு சேர்த்து நிறுத்தினால் கொஞ்சம் அநியாயம் இல்லையா? இதற்காகக் காட்சியைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்று சொல்லவில்லை. முகப்பில் பாலம் வந்தால் நானே எதிரணிக்கு மாறிவிடுவேன். பக்கச் சுவரில், முகப்பிலிருந்து உள்ளொடுங்கி, மெலிதாக இருக்கட்டும், பழையது போல வேஷம் போடாமல் புதியது புதியதாகவே தெரியட்டும்.

எதிரணியின் ஒரு வாதத்துக்கு மட்டும் எனக்கு உண்மையிலேயே மரியாதை உண்டு, அது தெருவைப் பற்றியது. அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரத்தில் 1962இல் முதல் மாடிப்பாலம் போட்டார்கள், பிறகு அது வளர்ந்து நகர மையத்தையே கோத்துவிட்டது, ஆட்கள் மேலேயே நடந்ததால் கீழே தெருவும் கடைகளும் சோர்ந்துபோயின என்ற குறை இன்றும் இருக்கிறது. அதே நாட்டின் சின்சினாட்டி நகரம் தன் மாடிவழிகளில் ஒரு பகுதியைப் பிரித்தே எடுத்துவிட்டது. அங்கே வலைப்பின்னல், இங்கே ஒரே பாலம், அதனால் பயமில்லை என்று சொல்லித் தப்பிக்க எனக்கு விருப்பமில்லை. ஹோட்டல் கையில் சாவி போனால் ஒரே பாலமும் போதும், பழைய கட்டடத்தை அவர்களுடைய விருந்து மண்டபமாக்கிவிட.

அதனால் அனுமதிச் சீட்டிலேயே எழுதச் சொல்கிறேன். பழைய கட்டடத்தின் தெருவாசல் பகலில் மூடக்கூடாது. ஹோட்டல் லிஃப்டுக்குத் தெருவிலிருந்தே நேராக ஒரு வழி இருக்க வேண்டும், அங்கே தங்காதவரும், ஒரு டீகூட வாங்காதவரும் யாரிடமும் கேட்காமல் ஏறிப்போகலாம். பாலத்தின் கதவுச் சாவி பழைய கட்டடத்தைப் பராமரிக்கிறவர்களிடம். பாலத்தைப் பயன்படுத்த ஹோட்டல் வருஷா வருஷம் கட்டணம் கட்டட்டும், அது கூரை ஒழுகுவதைப் பார்க்கப் போகட்டும். பாலத்தைக் கழற்றுகிற செலவுக்கான பணத்தைக் கட்டும்போதே வைப்பாக வாங்கிவிடுங்கள், நாளைக்கு ஹோட்டல் கைமாறினால் யாரைத் தேடுவது?

அடுத்து எதிரணியிலிருந்து பேச வருகிற நண்பர் எவ்வளவு அழகாக வேண்டுமானாலும் பேசட்டும், நானும் கைதட்டுகிறேன். அதற்கு முன்னால் ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லட்டும்: கட்டடத்தின் உள்ளே ஒரு உத்தரத்தையும் அறுக்காமல், சக்கர நாற்காலியில் வருகிறவரை அந்த மாடி மண்டபத்துக்கு எந்த வழியாகக் கூட்டிப் போவீர்கள்?