தாழ்ப்பாள் போட்டால் மட்டும்தான் தனிமை: மார்மன் மிஷனரிகளின் இரண்டு வருஷம்

[திரையில்: வெள்ளைச் சட்டை, டை, மார்பில் கறுப்புப் பெயர் அட்டையுடன் இரண்டு இளைஞர்கள் சைக்கிளில் போகிறார்கள்]

உங்களுக்கு 18 வயது. பள்ளிப் படிப்பு இப்போதுதான் முடிந்திருக்கிறது. அடுத்த இரண்டு வருஷம் நீங்கள் ஒரு நிமிஷம்கூடத் தனியாக இருக்கப் போவதில்லை. குளியலறைத் தாழ்ப்பாளைப் போடும் நேரம் மட்டும்தான் உங்களுக்கென்று இருக்கும். மற்ற நேரமெல்லாம் ஒருவர் பக்கத்திலேயே இருப்பார். அவரைத் தேர்ந்தெடுத்தது நீங்கள் இல்லை.

இதற்குச் சம்பளமும் கிடையாது. நீங்களும் உங்கள் குடும்பமும்தான் பணம் கட்ட வேண்டும். தங்கள் சபையின் மதத்தைப் பரப்பப் போகும் மார்மன் மிஷனரிகள், இன்றைக்கும் உலகம் முழுக்க 70 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள், இப்படி வாழ்ந்துகொண்டிருக்கிறார்கள்.

வணக்கம். வீடியோவைக் கடைசிவரை பாருங்கள். எனக்குப் பிடித்த விஷயம் நடுவில் வருகிறது.

முதலில் பின்னணியைச் சட்டென்று முடித்துவிடலாம். பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை 1830-இல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் தொடங்கியது. இப்போது தலைமையகம் யூட்டா மாநிலத்தின் சால்ட் லேக் சிட்டி. மார்மன் என்பது மற்றவர்கள் வைத்த பெயர். முழுப் பெயரையே சொல்லுங்கள் என்று 2018-இல் சபைத் தலைமை கேட்டுக்கொண்டது. தேடுபவர்களுக்குக் கிடைக்க வேண்டும் என்றுதான் தலைப்பில் அந்தச் சொல்லை விட்டிருக்கிறேன். மிஷனரிப் பணி ஆண்களுக்கு 24 மாதம், பெண்களுக்கு 18 மாதம். எந்த நாடு, எந்த ஊர் என்பதைச் சபை முடிவு செய்யும். அமெரிக்கக் குடும்பங்கள் 2020-இலிருந்து மாதத்துக்கு 500 டாலர் கட்டுகின்றன. பிள்ளை செலவு அதிகமான நகரத்துக்குப் போனாலும் சின்ன ஊருக்குப் போனாலும் தொகை ஒன்றுதான்.

புறப்படுவதற்கு முன் பயிற்சி மையம். பெரியது யூட்டாவின் புரோவோ நகரத்தில் இருக்கிறது. அங்கே 50-க்கும் மேற்பட்ட மொழிகள் சொல்லித் தருகிறார்கள். புது மொழி கற்பவர்களுக்குக்கூடச் சில வாரங்கள்தான் பயிற்சி. அப்புறம் நேராகத் தெருவில் இறங்கிப் பேச வேண்டியதுதான். காலை 6.30 வாக்கில் எழுந்து, உடற்பயிற்சி, படிப்பு, ஜெபம் முடித்து, ராத்திரிவரை வெளியே இருந்துவிட்டு 10.30-க்கு விளக்கை அணைக்க வேண்டும். வாரத்தில் ஒரு நாள், பெரும்பாலும் திங்கட்கிழமை, துணி துவைக்கவும் சாமான் வாங்கவும் வீட்டுக்கு எழுதவும் ஒதுக்கப்படுகிறது.

சரி, இப்போது அந்த விஷயத்துக்கு வருவோம். கம்பேனியன், அதாவது கூடவே இருக்கும் துணை!

மிஷனரிகள் தனியாகப் போவதே இல்லை. எப்போதும் ஜோடிதான். கண்ணுக்கு எட்டும் தூரத்தில், காதுக்குக் கேட்கும் தூரத்தில் துணை இருக்க வேண்டும் என்பது விதி. ஒரே அறையில் தூங்க வேண்டும், கட்டில் மட்டும் தனித்தனி. கடைக்குப் போனாலும் மருத்துவரிடம் போனாலும் இரண்டு பேர். ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் இருவருமே வீட்டில் அடைந்து கிடக்க வேண்டும். ஒரே நுகத்தில் பூட்டிய இரண்டு மாடுகளைப் போல, ஒன்று படுத்தால் வண்டி நின்றுவிடும்.

அதைவிட ஆச்சரியம், இவர்கள் ஒருவரையொருவர் முதல் பெயரால் கூப்பிடுவதில்லை. ஆண் என்றால் எல்டர், பெண் என்றால் சிஸ்டர், அதோடு குடும்பப் பெயர். பல் தேய்க்கும் சத்தம்வரை தெரிந்த மனிதரை ‘எல்டர்’ என்றுதான் அழைக்க வேண்டும்! புதிதாக வருபவருக்கு முதல் 12 வாரம் ஒரு பயிற்சியாளர் துணையாக இருப்பார். மிஷனரிகளின் பேச்சு வழக்கில் அவர்தான் அப்பா. அந்த அப்பாவுக்கு வயது 19 அல்லது 20. நாளைக்கு இந்தப் பையன் இன்னொருவரைப் பயிற்றுவித்தால் 20 வயதுக்காரர் தாத்தா ஆகிவிடுவார். இந்த வம்சாவளியை எனக்கு எத்தனை தடவை படித்தாலும் அலுக்கவில்லை.

ஏறக்குறைய 6 வாரத்துக்கு ஒருமுறை மாற்றல் அறிவிப்பு வரும். 24 மாதத்தில் சுமார் 17 தடவை. ஒவ்வொரு தடவையும் நெஞ்சு படபடக்கும். மனசு ஒட்டிய துணை போய்விடலாம், ஒட்டாத துணையே தொடரலாம். கோபித்துக்கொண்டு வேறு அறைக்குப் போய்க் கதவைச் சாத்த வழியில்லை. அடுத்த வீட்டு மணியை இரண்டு பேரும் சேர்ந்துதான் அழுத்தியாக வேண்டும்.

இதற்குச் சபை வைத்திருக்கும் ஏற்பாடு என்னை அசர வைத்தது. வாராந்திரத் திட்டமிடலின்போது இருவரும் எதிரெதிரே உட்கார வேண்டும். முதலில் துணையிடம் கண்ட நல்லதைச் சொல்ல வேண்டும். அப்புறம், ‘நான் எதைத் திருத்திக்கொள்ளலாம்?’ என்று கேட்க வேண்டும். மற்றவர் தப்பைச் சொல்வது இல்லை, தன் தப்பைக் கேட்பது. 18 வயதில் வாராவாரம்! நம்மில் எத்தனை பேர் கூடப் பிறந்தவரிடமோ, கூட வேலை செய்பவரிடமோ ஒரு தடவையாவது அப்படிக் கேட்டிருப்போம்? நான் அந்தச் சபையைச் சேர்ந்தவன் இல்லை. ஆனாலும் இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டேன். கேட்கும்போது தொண்டை வறண்டது உண்மை. நீங்கள் யாரிடமாவது கேட்டுப் பார்த்துவிட்டு, என்ன நடந்தது என்று கீழே எழுதுங்கள்.

கதவு தட்டி விரட்டப்படுவதைத்தான் எல்லோரும் பெரிய சோதனை என்று நினைக்கிறார்கள். விரட்டியவர் முகம் அடுத்த தெருவுக்குள் மறந்துவிடும். துணையின் முகம் மறுநாள் காலை 6.30-க்கும் எதிரே இருக்கும். மிஷனரி வாழ்க்கையில் ஒருவரை வளர்ப்பது இதுதான் என்பது என் கருத்து.

வீட்டு நினைவு வேறு வாட்டும். 2019 பிப்ரவரிக்கு முன், அம்மா குரலை வருஷத்துக்கு இரண்டே தடவைதான் கேட்கலாம்: கிறிஸ்துமஸ், அன்னையர் தினம். அந்த மாதத்திலிருந்து வாரத்துக்கு ஒருமுறை பேசலாம், வீடியோவிலும் பார்க்கலாம். நல்ல மாற்றம், இன்னும் சீக்கிரமே வந்திருக்க வேண்டும். திரும்பும் நாள் நெருங்கினால் மனசு முன்கூட்டியே பெட்டி கட்டிவிடும். அந்த நிலைக்கு அவர்கள் வைத்த பெயர் ட்ரங்கி.

எல்லோரும் முழுக் காலத்தையும் முடிப்பதில்லை. உடல்நலம், மனநலம் காரணமாக நடுவில் திரும்புபவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பலர் ஊராரை நிமிர்ந்து பார்க்கவே கூசுகிறார்கள். நோயோடு போராடியவரைத் தோற்றவராகப் பார்ப்பது எனக்குச் சம்மதம் இல்லை. இதைப் பார்க்கும் யாருக்காவது அப்படி நடந்திருந்தால், நீங்கள் எழுதுவதை நான் கட்டாயம் படிப்பேன்.

[திரையில்: மேசைமேல் கறுப்புப் பெயர் அட்டை]

ஊர் திரும்பியதும் உள்ளூர்ச் சபைத் தலைவரைப் பார்க்க வேண்டும். அவர் பொறுப்பிலிருந்து விடுவிப்பார், சட்டையிலிருந்து அட்டை இறங்கும், எல்டர் மறுபடியும் சொந்தப் பெயருக்கு வருவார். அதற்காக ஏங்கியவர்களே அந்த இரவு அறையில் தனியாக இருப்பது விசித்திரமாக இருந்தது என்று சொல்கிறார்கள். கடைக்குக் கிளம்பினால் வாசலில் கால் தானாக நின்றுவிடுகிறது, துணை வந்துவிட்டாரா என்று பார்க்க.