எச்ஆர் நீட்டும் அந்தத் தாள்

[திரையில்: சிறிய மீட்டிங் அறை. மேசை மேல் ஒரு தாள், ஒரு பேனா.]

வெள்ளிக்கிழமை சாயங்காலம். எச்ஆர் கூப்பிட்டு, "நீங்களே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடுங்கள், அடுத்த வேலைக்குப் போகும்போது சிக்கல் இருக்காது" என்று கனிவாகச் சொல்கிறார். பேனாவையும் அவரே நீட்டுகிறார்.

வாங்காதீர்கள். ராஜினாமா செய்தவருக்கு ஆட்குறைப்பு இழப்பீடு கிடையாது. நீங்களாகவே போனதாக ஆகிவிடும். அனுப்புவது அவர்கள் முடிவென்றால், அவர்களே எழுத்தில் தரட்டும். மிரட்டிக் கையெழுத்து வாங்கிவிட்டார்களா? அன்றைக்கே, "வற்புறுத்தலால் போட்டேன்" என்று மெயில் அனுப்பிவிடுங்கள். ஒரு மாதம் கழித்துச் சொன்னால் எடுபடுவது கஷ்டம்.

சரி, அப்படி என்ன இழப்பீடு? 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டத்தில் இருந்த இந்த உரிமை, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பிலும் தொடர்கிறது. ஓராண்டு தொடர்ந்து வேலை பார்த்தவரை ஆட்குறைப்பு செய்ய ஒரு மாத நோட்டீஸ் தர வேண்டும், இல்லாவிட்டால் அந்த மாதச் சம்பளம். அதோடு ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சம்பளம். இதைக் கொடுத்துவிட்டுத்தான் அனுப்ப வேண்டும், அனுப்பிவிட்டு நிதானமாகக் கொடுப்பது செல்லாது.

[திரையில்: கணக்கு ஒவ்வொரு வரியாகத் தோன்றுகிறது.]

சட்டப்படி கணக்கில் வரும் சம்பளம் 26,000 ரூபாய், சர்வீஸ் 6 ஆண்டு 8 மாதம் என்று வையுங்கள். ஆறு மாதத்தைத் தாண்டினால் முழு ஆண்டுக் கணக்கு, அதனால் 7. பாதிச் சம்பளம் 13,000. ஏழால் பெருக்கினால் 91,000. நோட்டீஸ் சம்பளம் 26,000. அடுத்தது கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை. இதுவும் ஆண்டுக்கு 15 நாள் சம்பளம்தான். ஆனால் இதில் மட்டும் மாதத்துக்கு 26 நாள் என்று கணக்கு, ஆகவே ஆண்டுக்கு 15,000, மொத்தம் 1,05,000. கூட்டினால் 2,22,000. புதிய சட்டத்தில் மறுபயிற்சிக்கென இன்னொரு 15 நாள் சம்பளமும் 45 நாளுக்குள் வர வேண்டும். ஒரு கையெழுத்தில் கைவிட்டுப் போவது எவ்வளவு என்று இப்போது தெரிகிறதா? கிராஜுவிட்டி ராஜினாமா செய்தாலும் கிடைக்கும், மற்றவை போய்விடும்.

பொதுவாகக் கிராஜுவிட்டிக்கு ஐந்து ஆண்டு வேண்டும். ஆனால் நாலு ஆண்டு முடிந்து, ஐந்தாவதில் 240 நாள் வேலை செய்திருந்தாலே போதும் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நாலே முக்கால் ஆண்டில் அனுப்பப்படுகிறவர்கள் இதைக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள்.

"நான் ஐடி-யில் இருக்கிறேன், டீம் லீடர், இந்தச் சட்டம் சொல்லும் தொழிலாளி இல்லையே" என்பீர்கள். விசிட்டிங் கார்டில் இருப்பது சட்டத்துக்கு முக்கியமில்லை. ஆளை எடுப்பது, நீக்குவது, லீவ் தருவது என்று உண்மையிலேயே நிர்வாகம் பார்த்தீர்களா, இல்லை கோடிங் எழுதினீர்களா என்பதே முக்கியக் கேள்வி. 2015-இல் வேலையிழந்த ஓர் ஐடி ஊழியரின் வழக்கில் சென்னைத் தொழிலாளர் நீதிமன்றம் 2022-இல் அவரைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. ஏழு ஆண்டு! சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது, வேகமாக இல்லை. அதையும் சொல்லித்தானே ஆக வேண்டும். நிஜமான மேனேஜர்களுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை; அவர்கள் நியமன ஒப்பந்தத்தை வைத்துத்தான் பேச முடியும்.

வழக்கு என்றதும் நேராக நீதிமன்றம் ஓட வேண்டாம். முதலில் லேபர் ஆபீஸில் சமரச அதிகாரியிடம் மனு. 45 நாளில் முடியாவிட்டால் அப்புறம் நீங்களே வழக்குத் தொடுக்கலாம். வேலை போன நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் இதைச் செய்துவிட வேண்டும்.

இன்னொன்று. உங்களை அனுப்பிவிட்டு ஓராண்டுக்குள் அங்கே ஆள் எடுத்தால், முதல் வாய்ப்பு உங்களுக்குத்தான். அந்த வேலைவாய்ப்பு விளம்பரம் கண்ணில் பட்டால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். நியமனக் கடிதம், சம்பள ரசீது, வருகைப் பதிவு இவற்றின் நகலும் உங்கள் கையில் இருக்கட்டும். லாகின் போகும் நாளை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.