சட்டத்தால்தான் வாக்குப்பதிவு குறைந்ததா?

[திரையில்: ஜார்ஜியா, 2004 – 2008]

நேரில் வாக்களிக்க வருபவர் புகைப்பட அடையாள அட்டை காட்ட வேண்டும் என்ற சட்டம் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் நடைமுறைக்கு வந்தபின் நடந்த முதல் அதிபர் தேர்தல், 2008. வாக்குப்பதிவு ஏறியது. அப்படியானால் சட்டம் யாரையும் தடுக்கவில்லையா? அவசரப்படாதீர்கள். அது ஒபாமா போட்டியிட்ட ஆண்டு. அந்தச் சட்டம் இல்லாத பல மாநிலங்களிலும் வாக்குப்பதிவு ஏறியது.

சட்டம் வராமலே இருந்திருந்தால் எத்தனை பேர் வந்திருப்பார்கள்? அதை நேரில் பார்க்க வழியில்லை. அதனால்தான் ஒப்பீட்டுக் குழு, அதாவது சட்டம் வராத மற்றொரு மாநிலம், தேவைப்படுகிறது.

[திரையில்: இரண்டு கோடுகள்]

ஒரு கற்பனைக் கணக்கு. சட்டம் வந்த மாநிலத்தில் வாக்குப்பதிவு 60-லிருந்து 55 சதவீதமாக இறங்குகிறது. சட்டம் வராத மாநிலத்தில் 60-லிருந்து 57. எப்படியும் 3 புள்ளி இறங்கியிருக்கும். மிச்சம் 2 புள்ளிதான் சட்டத்தின் கணக்கில் சேரும். ஆனால் சட்டத்துக்கு முந்தைய தேர்தல்களில் இரண்டு கோடுகளும் சேர்ந்தே ஏறி இறங்கியிருக்க வேண்டும். நான் முதலில் தேடுவது அதைத்தான்.

அமெரிக்கக் காங்கிரஸின் தணிக்கை அமைப்பான ஜி.ஏ.ஓ. 2014-இல், அடையாள அட்டை விதியைக் கடுமையாக்கிய கான்சஸ், டென்னசி மாநிலங்களை இப்படித்தான் அலபாமா, ஆர்கன்சா, டெலவேர், மெய்னுடன் ஒப்பிட்டது. 2008-க்கும் 2012-க்கும் இடையில் கான்சஸில் சுமார் 2 புள்ளி, டென்னசியில் 2.2 முதல் 3.2 புள்ளி கூடுதல் சரிவு தெரிந்தது. அப்புறம் கான்டோனி, போன்ஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2008 முதல் 2018 வரை நாடு முழுவதையும் எடுத்துப் பார்த்தார்கள். சொல்லும்படியான சரிவு எதுவும் கிடைக்கவில்லை. யாரோடு யாரை, எந்தத் தேர்தல்களில் ஒப்பிடுகிறோம் என்பதைப் பொறுத்து விடை இவ்வளவு மாறுகிறது.

[திரையில்: 64 | 65]

எனக்கு மிகவும் பிடித்த ஒப்பீடு டெக்சாஸில் இருக்கிறது. இது அடையாள அட்டை பற்றியது அல்ல, தபால் வாக்கு பற்றியது. அங்கே 65 வயதானவர் காரணம் சொல்லாமலே தபாலில் வாக்களிக்கலாம். 64 வயதுக்காரர் அப்படிச் செய்ய முடியாது. ஒரே மாநிலம், ஒரே வேட்பாளர்கள், ஒரே தொற்றுக்காலம். வயதில் ஒரே ஒரு வருட வித்தியாசம். 2020-இல் 65 வயதுக்காரர்கள் தபாலை அதிகம் பயன்படுத்தினார்கள். ஆனால் மொத்தத்தில் வாக்களித்தவர்களின் விகிதம் இரு வயதிலும் ஏறக்குறைய ஒன்றுதான். 25 வயதுக்காரருக்குத் தபால் வசதி கிடைத்தால் என்ன ஆகும் என்பதை இந்த ஒப்பீடு சொல்லாது. அதற்கு வேறு குழுவைத் தேட வேண்டும்.