கபர் ஓரம் ஒரு அடுப்படி: கெய்ரோவின் கராஃபா

[காட்சி: மண்நிற மதில், மரக்கதவு திறக்கிறது]

உள்ள வாங்க. இது கெய்ரோவோட பழைய மையவாடி, அதாவது முஸ்லிம்களை அடக்கம் பண்ற இடம். பேரு கராஃபா. முற்றத்துல ரெண்டு கபர், கல்லறைங்க. கபர்ல நட்ட மீசான் கல்லுக்கும் சுவத்து ஆணிக்கும் நடுவுல கொடி கட்டி, குழந்தைத் துணி காயுது. பக்கத்து அறையில டீ கொதிக்குது.

வீடில்லாத ஏழைங்க மையவாடிக்குள்ள புகுந்துட்டாங்கன்னுதான் பலரும் சொல்றாங்க. எனக்கு அது மனசு ஒப்பல. இந்த அறையே மனுசங்க தங்கறதுக்காகக் கட்டினது!

[காட்சி: மேலிருந்து கராஃபா]

7ஆம் நூற்றாண்டுல அரபுப் படை, இன்னைக்குக் கெய்ரோவுக்குள்ள இருக்கிற ஃபுஸ்தாத் நகரத்தை உண்டாக்கினப்பவே தொடங்கின மையவாடி இது. குடும்பக் கபரைச் சுத்தி மதில் எழுப்பி, கூடவே அறையும் கட்டுவாங்க. அதுக்கு 'ஹவ்ஷ்'னு பேரு. பெருநாள்ல ஜியாரத்துக்கு, அதாவது கபரைப் பாத்து துஆ செய்ய வர்ற குடும்பம் அங்கயே ராத்தங்கும், சாப்பிடும். மத்த நாள்ல 'துரபி' பாத்துக்குவாரு. குழி தோண்டறது, சாவி வச்சிருக்கறது, செடிக்குத் தண்ணி ஊத்தறது எல்லாம் அவர் பொறுப்பு. அப்பாவுக்கு அப்புறம் மகன்னு வழிவழியா வர்ற வேலை.

[காட்சி: காயித்பே வளாகம், செதுக்கு வேலை செய்த கல் குவிமாடம்]

எகிப்தோட ஒரு பவுண்ட் நோட்டுல இருக்கிற கட்டடம் இதுதான். 1470களில் சுல்தான் காயித்பே தன் அடக்கத்துக்காகக் கட்டினது. ஆனா கீழ பாருங்க, தண்ணீர்ப் பந்தல். அதுக்கு மேல பிள்ளைங்க ஓதற பள்ளி. தாகத்தோட வர்ற ஆளும், ஓதற பிள்ளையும் அன்னைக்கே இங்க இருந்திருக்காங்க.

இஸ்ரேலோட நடந்த 1967 போர்ல சூயஸ் கால்வாய் ஊர்க்காரங்க வீடிழந்தாங்க, 1992ல நிலநடுக்கம், நகரத்துல வாடகையும் கட்டுப்படியாகல. அப்படி வந்து சேர்ந்தவங்களும் நிறைய.

[காட்சி: இமாம் ஷாஃபி தர்கா, உச்சியில் உலோகப் படகு]

இது நமக்கும் தூரத்து இடமில்ல. காயல்பட்டினத்துலயும் கீழக்கரையிலயும் முஸ்லிம்கள் பின்பற்றற ஷாஃபி மத்ஹபோட, அதாவது மார்க்கச் சட்ட மரபோட இமாம் இங்கதான் அடங்கியிருக்காங்க. இந்தத் தர்கா 1211ல எழுப்பினது.

[காட்சி: புல்டோசர், இடிந்த மதில்]

2020லிருந்து சாலைக்கும் மேம்பாலத்துக்கும்னு ஹவ்ஷ் ஹவ்ஷா இடிக்கிறாங்க. வரலாற்றுக் கெய்ரோ 1979லயே யுனெஸ்கோ பட்டியல்ல ஏறினது, அதுவும் காப்பாத்தல. குடும்பங்க எலும்புகளைத் துணியில சுத்தி எடுத்துட்டு, ஊருக்கு வெளிய புது மையவாடிக்குப் போறாங்க. குடியிருந்தவங்களுக்கு எங்கயாவது ஒரு ஃபிளாட் கிடைச்சாலும், துரபி அங்க என்ன வேலை செய்வாரு? எந்தக் கபருக்கு எந்தச் சாவின்னு மனப்பாடமாத் தெரிஞ்சவரு அவரு. இப்ப சாவிக்கொத்து கையில இருக்கு, பூட்டோட கதவு மண்ணுல கிடக்கு.